முதல் நல்ல வாட்சும் மொரீஷியஸ் கோடை விடுமுறையும்

நீலவளையம் | கத்ர் போர்ன், மொரீஷியஸ்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதியது குறைவு. இந்தத் தடவை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக் கடன் அடைந்தது, தங்கை கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. அதற்கு அப்புறம்தான் எனக்கென்று ஒன்று வாங்கலாம் என்ற எண்ணமே வந்தது. வாங்கியது டியூடர் கம்பெனியின் பிளாக் பே 58 என்ற வாட்ச், நீலம். 39 மில்லிமீட்டர், தேதி கிடையாது, 200 மீட்டர் தண்ணீர் தாங்கும், முழுதாகச் சாவி கொடுத்துக் கழற்றி வைத்தால் 70 மணி நேரம் போல ஓடும். வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். கறுப்பு மாடலும் அழகுதான். ஆனால் நீலத்தை ஒரு தடவை கையில் வைத்துப் பார்த்த பிறகு மனசு வேறெதற்கும் போகவில்லை.

டிசம்பரில் பள்ளி விடுமுறை விட்டதும் மாமனார் வீட்டார், மச்சான் குடும்பம் எல்லோரும் சேர்ந்து வடக்கே பெரெபேர் பக்கம் ஒரு கம்ப்மான் எடுத்தோம். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: இங்கே கோடை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, கம்ப்மான் என்றால் கடலோர விடுமுறை வீடு. கிளம்பும்போது மாமியார் சொன்னார்: “இவ்வளவு காசு போட்டு வாங்கினதை உப்புத் தண்ணிக்கு ஏன் கொண்டுபோறீங்க மாப்பிள்ளை, பீரோவிலேயே இருக்கட்டுமே.” அக்கறையில் சொன்னதுதான். ஆனாலும் கட்டிக்கொண்டே போனேன். இந்தக் கம்பெனி 1954-லேயே முதல் டைவர் வாட்சை வெளியிட்டது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பவர்கள் பல வருடம் இவர்களுடைய வாட்சைக் கட்டியிருக்கிறார்கள். கடலுக்கென்றே பிறந்த ஒன்றைக் கடலுக்குப் போகும்போது மட்டும் பீரோவில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்த இழை. காலை ஏழு மணிக்கே சவுக்கு மர நிழலைத் தாண்டி வெயில் இறங்கிவிடும். பவளத்திட்டுக்கு இந்தப்பக்கம் தண்ணீர் குளம் மாதிரி. அதற்குள் கையை வைத்து நேராகப் பார்த்தால் ஒவ்வொரு முள்ளும் வெளியில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. மெல்லச் சாய்த்தால் ஓர் இடத்தில் நீல முகம் சட்டென்று மறைந்து, முழுக்க வெள்ளித் தகடாகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் முகம் திரும்ப வந்துவிடும். குழந்தைகள் அதையே திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். எனக்கும் அலுக்கவில்லை.

மச்சான் மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தண்ணீரில் இறங்கும்போது, வாட்ச் முகத்தைச் சுற்றித் திரும்பும் வளையத்தின் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். முள் 20-ஐத் தொட்டால் எல்லோரும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். வளையம் ஒரு சுற்றுக்கு 60 கிளிக், ஒரு பக்கமாக மட்டும்தான் திரும்பும். அவள் கிளிக்கைக் காதில் வைத்துக் கேட்டு எண்ணியே ஐந்தாம் வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டாள்.

சரி, உங்களிடம் கேட்க வேண்டியது: கடல், மணல், சன்ஸ்கிரீன் மூன்றும் தினமும் என்றால் என்ன பராமரிப்பு செய்வீர்கள்? செயினா, துணி ஸ்ட்ராப்பா, ரப்பரா?

---

மணிக்கூட்டுப் பிரியன் | சென்னை

வாழ்த்துகள் நண்பரே. முதல் வாட்ச் என்றால் அதன் மகிழ்ச்சியே தனி.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அவ்வளவுதான் முதல் பாடம். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அடியில் காட்ட வேண்டாம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துச் சற்று நேரம் ஊறவிடுங்கள். கிரவுனை (சாவி கொடுக்கும் பக்கத்துத் திருகை) இறுக்கித் திருகியிருக்கிறீர்களா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே வளையத்தை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் அடியில் சிக்கிய மணல் வெளியே வந்துவிடும். வளையம் இறுகி, கிளிக் சத்தம் கரகரவென்று மாறினால் மணல் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பலம் கொடுத்துத் திருப்பாமல் ஊறவிடுங்கள்.

சன்ஸ்கிரீன் செயின் கண்ணிகளுக்கு இடையில் போய் மணலோடு சேர்ந்து பசையாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பல் பிரஷ் போதும். கொசுவுக்குத் தடவும் மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் கவனம்: அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும். உங்கள் கண்ணாடி சஃபையர், அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கண்ணாடி வாட்ச் வைத்திருப்பவர்கள் மருந்தைத் தடவிக் கையைக் கழுவிய பிறகே வாட்சைத் தொட வேண்டும்.

வெந்நீர்க் குளியலுக்கு மட்டும் எந்த வாட்சையும் கட்டாதீர்கள். சூடும் சோப்பும் ரப்பர் வாஷரைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

---

பெட்டகம் | பெங்களூரு

மாறுபட்ட கருத்து சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். உங்கள் வாட்சில் வளையத்தின் மேல் தகடு அலுமினியம், செராமிக் இல்லை. வெயிலில் நிறம் மங்கும், பாறையில் உரசினால் கோடு விழும். கிரவுனுக்கு இரண்டு பக்கமும் காப்பும் கிடையாது. பிற்பாடு விற்கப் போனால் இதெல்லாம் விலையில் தெரியும். மேலும், கை வீசி நீந்தும்போது அழுத்தம் பல மடங்கு ஏறும் என்பார்கள். 200 மீட்டர் என்று எழுதியிருப்பதெல்லாம் அசையாத தண்ணீருக்குத்தான். நான் என்னுடையதை விசேஷங்களுக்கு மட்டும் கட்டுகிறேன். கடலுக்கு ஒரு சின்ன குவார்ட்ஸ் (பேட்டரி வாட்ச்) போதும்.

---

அழுத்தமானி | கோயம்புத்தூர்

கை வீசும் கதை நெடுங்காலமாக எல்லா இடத்திலும் ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஓடும் நீரின் அழுத்தம் = அரை × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. கையை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீருக்குள் அது மிக அதிகம். வருவது சுமார் 12,800 பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்துக்குச் சமம். 200 மீட்டர் தாங்கும் வாட்சுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 10 மீட்டர் இறங்கினால்தான் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். பெரெபேரில் குழந்தைகளோடு குளிக்கும் இடத்தில் அந்த ஆழம் கிடையாது.

தண்ணீர் உள்ளே போவதற்கு உண்மையான காரணங்கள் வேறு: வயதாகிக் காய்ந்த வாஷர், சரியாகத் திருகாத கிரவுன், கீழே விழுந்து நசுங்கிய இடம், அப்புறம் வெயிலில் கொதித்த வாட்சைத் திடீரென்று குளிர்ந்த நீரில் போடுவது. புதிதில் நன்றாகத் தாங்கிய வாட்சும் சில வருடத்தில் தாங்காமல் போகலாம். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை, கோடை தொடங்குவதற்கு முன், அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பின்மூடியைத் திறக்காமலேயே காற்றழுத்தத்தில் செய்யும் கருவி நல்ல கடைகளில் இருக்கும்.

முக்குளிப்பு வாட்சுக்கான தரம் ஐஎஸ்ஓ 6425. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருப்பதைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும். சாதாரண நீர்த்தடுப்பு வாட்சுக்கான ஐஎஸ்ஓ 22810-இல் மாதிரிக்குச் சிலதை எடுத்துச் சோதித்தாலே போதும். அந்தத் தரச் சோதனையில் ஒன்று மிக எளிது: வாட்சை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்து, கண்ணாடியின் உட்புறம் பனி படிந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று முடிவு. உங்களுக்கு மங்கலாக ஏதாவது தெரிந்தால் வெயிலில் காயவைக்காமல் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள்.

நீலவளையம், நீங்கள் எழுதிய வெள்ளித் தகடு: அது முழு அக எதிரொளிப்பு. வெளியே தண்ணீர், வாட்சுக்குள்ளே காற்று. ஏறத்தாழ 49 டிகிரிக்கு மேல் சாய்த்துப் பார்த்தால், தண்ணீர்ப் பக்கமிருந்து போகும் ஒளி அந்தக் காற்றுக்குள் நுழையாமல் அப்படியே திரும்பிவிடும். தண்ணீருக்குள் முகம் அப்படி மறைகிறதென்றால் உள்ளே நல்ல உலர்ந்த காற்று இருக்கிறது என்று சந்தோஷப்படலாம்.

---

டர்பன்வாசி | டர்பன், தென்னாப்பிரிக்கா

நீலவளையம் தம்பி, படிக்கவே மனசு நிறைந்தது. எங்களுக்கும் டிசம்பர்தான் கோடை, எங்களுக்கும் அதே இந்தியப் பெருங்கடல். ஆனால் நான் நல்ல வாட்சைக் கட்டிக்கொண்டு கடற்கரை நடைபாதையில் நடக்க மாட்டேன். தண்ணீர் பயம் இல்லை, ஆள் பயம். இங்கே கடலுக்குப் போகும்போது விலை குறைந்த டிஜிட்டல், கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் நல்லது என்று பிரித்து வைத்திருக்கிறோம். டர்பன் பக்கத்து உம்லாங்காவில் ஹோட்டல் மாடியில் உட்கார்ந்து கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி கையில் கட்டியிருந்தது உண்டு, அவ்வளவுதான்.

நீங்கள் மொரீஷியஸில் இருப்பதால் நிம்மதியாகக் கட்டலாம். ஆனாலும் ஒன்று: கழற்றித் துண்டுக்கடியில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். கையில் இருப்பதே பத்திரம். வீட்டுக் காப்பீட்டில் வெளியே எடுத்துச் செல்லும் பொருள் என்று தனியாகச் சேர்த்து, பில்லையும் பின்மூடி எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். இந்தியாவுக்குப் போகும்போது புறப்படும் விமான நிலையத்துச் சுங்கத்திலும், அங்கிருந்து திரும்பும்போது அவர்களிடமும் என்ன பத்திரம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

---

நீலவளையம் | கத்ர் போர்ன், மொரீஷியஸ்

எல்லோருக்கும் நன்றி. டர்பன்வாசி அக்கா, காப்பீட்டு விஷயத்தை இந்த வாரமே பார்க்கிறேன்.

பெட்டகம் அண்ணா, நீங்கள் சொன்னதில் அலுமினியம் பற்றியது சரிதான். அதைத் தெரிந்தேதான் வாங்கினேன். ஆனால் விற்பதற்காக வாங்கவில்லை. இந்த வளையத்தில் ஒரு கோடு விழுந்தால் அது என் வாழ்க்கையில் விழுந்த கோடு. யாரோ பிற்காலத்தில் வாங்கப் போகிறவருக்காக இன்றைக்கு நான் அதைப் பொத்திப் பொத்தி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. விசேஷத்துக்கு மட்டும் கட்டினால் வருடத்தில் சில நாள். மீதி நாள் இருட்டில் கிடக்கும். என் குழந்தைகள் அப்பாவின் வாட்ச் என்று நினைக்கும்போது கடலும் மணலும் சேர்ந்து நினைவு வரட்டும்.

ஸ்ட்ராப் பற்றி: இரண்டு நாள் செயினோடு இறங்கினேன், கண்ணியில் மணல் ஏறியது. அப்புறம் ஒற்றைத் துண்டாக வாட்சுக்கு அடியில் ஓடும் நைலான் ஸ்ட்ராப் மாற்றினேன். இதில் ஒரு பெரிய நிம்மதி: ஸ்ட்ராப்பைப் பிடிக்கும் பக்கத்துக் கம்பி ஒன்று தெறித்தாலும் வாட்ச் மற்றதில் தொங்கும், கடலில் விழாது. சிலர் ரப்பரைச் சொன்னார்கள். டிசம்பர் புழுக்கத்தில் எனக்கு அடியில் வேர்த்து அரிக்கிறது. டியூடரின் சொந்தத் துணி ஸ்ட்ராப் பிரான்ஸில் சாந்த் எத்தியேன் பக்கத்தில் ரிப்பன் நெய்யும் தறியில் நெய்வது. அதைத் தொட்டால் பட்டு ஜரிகை ஞாபகம் வரும். அதை உப்பில் நனைக்க மனசு வரவில்லை, மாலைச் சாப்பாட்டுக்கு மட்டும் கட்டினேன்.

ஒரு நாள் தெற்குக் கடற்கரை ரோட்டில் போனோம். சூயாக்கில் க்ரி க்ரி என்ற இடத்தில் பவளத்திட்டு இல்லாததால் அலை நேராகப் பாறையில் அடிக்கும். அங்கே யாரும் இறங்கக் கூடாது, நாங்களும் மேலேயே நின்றோம். பே து காப் கிட்டே மாத்யூ பிளிண்டர்ஸ் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆஸ்திரேலியாக் கரையை அளந்த அந்த மனிதர் 1803 டிசம்பரில் ஓட்டையான ஒரு சின்னக் கப்பலில் இங்கே ஒதுங்கினார். பிரான்ஸும் இங்கிலாந்தும் சண்டையில் இருந்ததால் 1810 வரை பிடித்து வைத்துவிட்டார்கள். அவர் கொண்டுவந்த கடல் கடிகாரங்கள் லண்டன் கைவினைஞர் எர்ன்ஷா செய்தவை. கிழக்கு மேற்கில் எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அன்றைக்குக் கடிகாரம்தான் கதி: நேரம் 4 நிமிடம் தப்பினால் கணக்கில் ஒரு பாகை தப்பும். என் கையில் இருப்பது அதற்கெல்லாம் பயன்படப் போவதில்லை. ஆனாலும் அங்கே நின்று மணி பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

---

பஞ்சாங்கம் | புதுச்சேரி

நீலவளையம், பிளிண்டர்ஸுக்கு முன்னாலேயே உங்கள் தீவுக்கும் எங்கள் ஊருக்கும் நேரக் கணக்கில் ஒரு தொடர்பு உண்டு. லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் சூரியன் முன்னால் வெள்ளிக் கோள் கடப்பதை அளக்க 1760-இல் கிளம்பி உங்கள் தீவுக்கு வந்தார். போக நினைத்தது புதுச்சேரிக்கு. அதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக இந்தப் பக்கமே தங்கி, 1769 ஜூன் 4-க்குப் புதுச்சேரியில் எல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தார். அன்று காலை மேகம். ஒன்றும் தெரியவில்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் புதுச்சேரியில் இருந்தபோது தமிழர்கள் கிரகணத்தைக் கணக்கிடும் முறையை அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஊர் திரும்பியபின் எழுதி வைத்தார். இங்கே சோழிகளை வைத்து, மனப்பாடச் சூத்திரத்தில் கணக்குப் போட்டவர்களின் வேகத்தைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார். வாட்ச் இழையில் இதற்கு இடம் உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு பரிசோதனை. வாட்சை வைத்துத் திசை பார்ப்பது தெரியுமா? தெற்கு அரைக்கோளத்தில் 12-ஐச் சூரியன் பக்கம் காட்டினால், 12-க்கும் மணி முள்ளுக்கும் நடுவில் வடக்கு.

---

அழுத்தமானி | கோயம்புத்தூர்

பஞ்சாங்கம் ஐயா சொன்ன முறை டர்பனுக்குத் தெற்கே போகப் போக நன்றாக வேலை செய்யும், அதுவும் குளிர்காலத்தில். மொரீஷியஸ் 20 பாகை தெற்கு. டிசம்பரில் சூரியன் 23 பாகைக்கு மேல் தெற்கே போய்விடும். அதனால் அந்த வாரங்களில் நண்பகல் சூரியன் அங்கே வடக்கில் இல்லை, தலைக்கு மேல் சற்றுத் தெற்கில். வாட்ச் காட்டும் வடக்கை நம்பிக் காட்டுக்குள் போய்விட வேண்டாம். ஜனவரி 21 வாக்கில் போர்ட் லூயியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பகல் கடந்து சற்று நேரத்தில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

---

அப்பாவின்_எச்எம்டி | மதுரை

எனக்கு டியூடர் எல்லாம் எட்டாத தூரம். அப்பா கொடுத்த எச்எம்டி ஜனதா ஒன்று இருக்கிறது, தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் அதுதான் தங்கம். போன விடுமுறையில் ராமேஸ்வரம் போனபோது கழற்றிச் சட்டைப்பையில் வைத்துத்தான் தீர்த்தமாடினேன். அதற்குத் தண்ணீர் ஆகாது. திரும்பி வந்ததும் நாளுக்குச் சில நிமிடம் வேகமாக ஓடுகிறது. தண்ணீர் படவே இல்லை. என்னவாக இருக்கும்?

---

மணிக்கூட்டுப் பிரியன் | சென்னை

பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். அதே பையில் செல்போன் இருந்ததா? போன் ஸ்பீக்கர், கைப்பையின் காந்த மூடி, டேப்லெட் உறை எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. மயிர்ச்சுருள் என்கிற அந்த மெல்லிய கம்பியின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் சக்கரம் குறுகலாக ஆடி, மணி வேகமாகப் போகும். ரிப்பேர் கடையில் காந்தம் நீக்கும் சின்னக் கருவி இருக்கும், நொடியில் முடிந்துவிடும். அதில் சரியாகாவிட்டால் மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீலவளையத்தின் டியூடரில் மயிர்ச்சுருள் சிலிக்கான். அதனால் காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது.

அந்த எச்எம்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் முடிவாகிவிட்டது. அப்பா கொடுத்ததற்கு ஈடாக வேறொன்று வராது.

---

பெட்டகம் | பெங்களூரு

அழுத்தமானியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. கை வீசுவதைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிடலாம். அலுமினியம் பற்றி என் கருத்து அப்படியேதான். ஆனால் நீலவளையம் எழுதியதைப் படித்த பிறகு பீரோவிலிருந்து என்னுடையதை எடுத்துச் சாவி கொடுத்தேன். இந்த ஞாயிறு நந்தி மலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன்.

---

டர்பன்வாசி | டர்பன், தென்னாப்பிரிக்கா

தம்பி, ஒரு கேள்வி. ஊருக்குப் போன் பண்ண இரண்டாவது நேரத்தை அந்த வளையத்திலேயே பார்க்கிறீர்களா? எங்களுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேரம், உங்களுக்கு ஒன்றரை. அந்த அரை மணிதான் தொல்லை.

---

நீலவளையம் | கத்ர் போர்ன், மொரீஷியஸ்

அக்கா, வளையத்தில் ஐந்து நிமிடத்தை ஒரு மணி என்று எடுத்துக்கொண்டு ஏழரைக் கிளிக் நகர்த்த வேண்டும். அரைக் கிளிக் கிடையாது. அதனால் மனக்கணக்குத்தான். இன்னொரு ஊர் நேரம் காட்டும் ஜிஎம்டி முள் வைத்த வாட்சிலும் அந்த முள் முழு மணியாகத்தான் நகரும், அரை மணியை நாமேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். லண்டன் போகிறவர்களுக்கு மட்டும் வசதி: குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம் என்பதால், இந்திய நேரம் வைத்த வாட்சைத் தலைகீழாகப் பிடித்தால் முள் ஏறத்தாழ லண்டன் நேரத்தைக் காட்டும். அம்மா ராத்திரி ஒன்பதுக்குப் படுத்துவிடுவார். என் கையில் ஏழரை ஆவதற்குள் கூப்பிட்டுவிடுவேன்.

எச்எம்டி அண்ணா, காந்தம் நீக்கிய பிறகு எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். எட்டாத தூரம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். நீங்கள் தினமும் சாவி கொடுக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

என் பக்கம் நிலவரம்: விடுமுறை முடிந்து வந்ததும் செயினைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவினேன், பிரஷ்ஷில் வெள்ளை வெள்ளையாகச் சன்ஸ்கிரீன் வந்தது. கண்ணாடிக்குள் பனி எதுவும் இல்லை. 9 மணிக் குறிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் மட்டும் முடி அளவு ஒரு கோடு, படகில் ஏறும்போது பட்டது. பாலிஷ் போடப் போவதில்லை. அழுத்தச் சோதனைக்கு அடுத்த வாரம் கொடுக்கிறேன். இங்கே கோடை இன்னும் பாக்கி, ஏப்ரல் வரை தண்ணீர் சூடாகத்தான் இருக்கும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. எங்கள் ஊரில் கோர் த கார்த் மலைச்சரிவுக் கோயிலுக்குக் காவடி எடுக்கிறேன், அன்று மட்டும் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுவேன். 21-ஆம் தேதி மதியம் குழந்தைகளோடு குச்சி நட்டுப் பார்க்கிறோம். படம் சரியாக வந்தால் இந்த இழையிலேயே போடுகிறேன். ப்ளூ பே பக்கம் கண்ணாடித்தரைப் படகில் போனவர்கள் யாராவது இருந்தால், குழந்தைகள் இறங்கி நீந்த எந்த நேரம் நல்லது என்று சொல்லுங்கள்; அடுத்த நீண்ட வார இறுதிக்கு அங்கேதான் யோசித்திருக்கிறோம்.